மாமா ஊதிக் காட்டிய வழக்கு

என் நிச்சயம் முடிந்த கையோடு என் தாய்மாமனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினாராம்.

மாமா முரியுங்கி குடித்தாரா? கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். எங்கள் மெதடிஸ்ட் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் தலை தெரிந்தால் சந்தையில் நிற்கும் குடிகாரர்கள் பாட்டிலைச் சட்டைக்குள் சொருகிக்கொள்வார்கள். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மலைச்சரிவில் இருக்கும் பெண்கள் பள்ளியின் பேருந்தை இருபது வருடமாக ஓட்டுகிறார். அந்த வளைவுகளில் ஒரு பிள்ளையின் தலை ஜன்னலில் இடித்ததாகக்கூடப் புகார் வந்ததில்லை. அப்படிப்பட்டவரை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நான் வக்கீல் வேறு. சும்மா நின்று கொதிக்க எனக்குத் தெரியாது, வாதாடிக்கொண்டே கொதிப்பேன்.

நடந்தது இதுதான். எங்கள் மேரு ஜனங்களிடையே பெண் கொடுப்பது என்று முடிவானால் தாய்மாமன் ஆசி சொல்ல வேண்டும். அப்பா எத்தனை ஆடு வாங்கினாலும், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை போர்வை கொண்டுவந்தாலும், மாமன் ஆசி இல்லாத பெண் அடுப்பேற்றாத பானை மாதிரிதான். அந்த ஆசி வெறும் வாயால் சொல்வதில்லை. மாமன் வாக்கைச் சொல்லி முடித்து, தேனைப் புளிக்கவைத்து வீட்டில் காய்ச்சும் தேன்கள்ளை வாய் நிறைய எடுத்து, பெண்ணின் நெஞ்சில் 'ப்பூ' என்று தூவ வேண்டும். ஒரு சொட்டும் விழுங்கக் கூடாது. விழுங்கினால் ஆசி மாமன் வயிற்றிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

மதுவிலக்குச் சங்கத் தலைவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. "தூவுறது குடிக்கிறதா? தண்ணி தெளிக்கிறவன் எல்லாம் குளிச்சவனா?" என்பார். என் மேலும் அன்றைக்கு அவர் அள்ளித் தூவினார். புதுச் சட்டை தொப்பலாகிவிட்டது. பாதி அவர் கோட்டின் மேலேயே தெறித்தது. கூடியிருந்தவர்கள் "ஆகட்டும்!" என்று கத்தி முடிப்பதற்குள், மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்திக்கு மயக்கம் வருகிறது, சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சத்தம் கேட்டது. மாமா வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

எங்கள் வாசலுக்குக் கீழே முதல் வளைவில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. கார்ப்பரல் சிமியு என்று ஒருவர், மேற்கே புங்கோமாப் பக்கத்து ஆள், கையில் ஊதும் கருவியோடு நின்றுகொண்டிருந்தார். மாமா தைரியமாக ஊதினார். கருவி வரம்பைப் போல இரண்டு மடங்கு காட்டியது. கிழவியை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு மாமாவை நிறுத்திக்கொண்டார்கள்.

தகவல் வந்ததும் நான் ஈரச் சட்டையோடு சரிவில் ஓடினேன். "அவர் சர்ச்சுப் பெரியவர்! அவரைப் போய் பிடிச்சு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

சிமியு என்னை ஒரு தடவை மோந்து பார்த்தார். "மேடம், நீங்களும் கொஞ்சம் ஓரமா உக்காருங்க. நீங்க வண்டி எதுவும் ஓட்டிட்டு வரலையே?"

அந்த நிமிஷம் அந்த மனிதரை நான் வெறுத்த வெறுப்பு இருக்கிறதே, அதை வைத்து ஒரு வாரம் அடுப்பெரித்திருக்கலாம்.

பிணையில் மாமாவை வெளியே எடுத்தோம். லைசென்ஸ் போலீஸ் கையில். பள்ளி நிர்வாகம் அதைவிட வேகம். "தீர்ப்பு வரும்வரை பேருந்தைத் தொட வேண்டாம். குற்றவாளி என்று வந்தால் இனி எப்போதுமே தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலே கள் என்கிற உலகம் இது. மாமா வாயில் இருந்ததோ கள்ளேதான். விழுங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மறுநாள் காலை அம்மாவின் சமையலறையில் கூடினோம். அம்மா, சித்தி கரிமி, என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற மரேட்டே, மாமா. மாமா முன்னால் முக்கிமோ தட்டு ஆறிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு மசியலை அவர் ஆறவிட்டு நான் பார்த்ததே இல்லை.

"வக்கீலம்மா, சொல்லு. என்னென்ன வழி இருக்கு?" என்றாள் அம்மா.

நான் நிலத் தகராறு பார்க்கிற வக்கீல். வரப்பைப் பற்றிக் கேட்டால் தூக்கத்திலும் பேசுவேன். போக்குவரத்துச் சட்டத்தை விடிய விடியப் படித்துவிட்டு வந்திருந்தேன். "அப்பவே ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லியிருக்கலாம். அந்த பஸ் போயிடுச்சு. இப்ப இருக்கிறது, நாளைக்குக் கோர்ட்டுல 'ஆமா, குடிச்சேன்'னு ஒத்துக்கிட்டு, முதல் தப்பு, வயசானவர், மன்னிச்சிடுங்கன்னு கேக்கலாம். அபராதத்தோட விடலாம். ஆனா லைசென்ஸைப் பிடுங்கவும் செய்யலாம், அது நீதிபதி இஷ்டம். எப்படியும் பேர் குற்றவாளிதான். ஸ்கூல் வேலை போச்சு."

"இல்லன்னா?"

"இல்லன்னா 'பொய்'னு சொல்லிட்டு வழக்கு நடத்தணும். மெஷின்ல நம்பர் வந்தா மட்டும் போதாது. போதையில வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில இருந்தாருன்னு அவங்க காட்டணும். மெஷினை ஒழுங்கா உபயோகிச்சாங்களான்னு நாம குடையலாம். இல்லன்னா அரசு வக்கீலைப் பாத்து, வழக்கைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்."

கரிமி சித்தி உதட்டைச் சுழித்தாள். "எதுக்குடி இவ்வளவு சுத்து? அந்த போலீஸ்காரனுக்கு டீக்காசு குடுத்தா சாயங்காலத்துக்குள்ள லைசென்ஸ் வீட்டுக்கு வந்துடும்."

"வரும். கூடவே உங்களுக்கும் எனக்கும் தனி வழக்கு ஒண்ணு வரும். அந்த வாயால பேசாம முக்கிமோ சாப்பிடுங்க சித்தி."

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் ஒத்துக்கிறேன்."

"எதை ஒத்துக்கிறீங்க? நீங்க விழுங்கவே இல்லையே!"

"விழுங்கல. ஆனா மெஷின் காட்டுதே. ஒரு சொட்டு உள்ள போயிருக்குமோ என்னவோ."

ஒரு சொட்டுக்கு இரண்டு மடங்கா? எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. மரேட்டேயின் நண்பன் மதுவிடுதி நடத்துகிறான். குடித்தவர்கள் கிளம்பும் முன் ஊதிப் பார்க்க அங்கே ஒரு சின்னக் கருவி உண்டு. மரேட்டேயை மோட்டார் சைக்கிளில் விரட்டினேன். கருவி வந்தது. மிச்சமிருந்த தேன்கள்ளை அம்மா சுரைக்குடுக்கையோடு கொண்டுவந்து வைத்தாள்.

"முதல்ல சும்மா ஊது" என்றேன் மரேட்டேயிடம். பூஜ்யம்.

"இப்ப வாய் நிறைய எடு. தோட்டத்து முட்டைக்கோஸ் மேல தூவு. ஒரு சொட்டு விழுங்கின, கல்யாணம் கிடையாது."

"நிச்சயம் ஆனதுக்கே இந்தப் பாடா?" என்று முனகிக்கொண்டே அவன் தோட்டத்தைப் பார்த்துத் தூவினான். உடனே ஊதச் சொன்னேன். கருவி அலறியது! மாமாவுக்குக் காட்டியதைவிட அதிகம். மரேட்டே பயந்துபோய், "சத்தியமா விழுங்கல, கனானா! அம்மா சத்தியமா!" என்றான். நான் அவனை முத்தமிட்டேன், அம்மா எதிரிலேயே. கோபக்காரி சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

டீ கொதித்து, இறக்கி, எல்லோரும் ஒரு கோப்பை குடித்து முடித்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி ஊதினான். பூஜ்யம்.

"பாத்தீங்களா! வயித்துல ஒண்ணும் இல்ல. வாய்ல ஒட்டிக்கிட்டு இருந்த ஈரத்தைத்தான் அந்த மெஷின் குடிகாரன்னு சொல்லியிருக்கு! கோர்ட்டுல இதைச் சொன்னா போதும் மாமா!"

கரிமி சித்தி குலவையிட்டாள். மாமா மட்டும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மருமகளே, கோர்ட்டுல என்னன்னு சொல்லுவ? இவர் என் மருமகளுக்கு ஆசி சொன்னாரு, அதனாலதான் வாய்ல கள்ளு இருந்துச்சுன்னுதானே?"

"ஆமா."

"அது நான் உனக்குக் குடுத்தது. குடுத்ததைத் திரும்ப எடுத்து என் தலையைக் காப்பாத்திக்கச் சாக்கா வச்சா, அப்புறம் அது உன்கிட்ட இருக்குமா? நாளைக்கு உனக்குக் குழந்தை பொறக்கிறப்போ ஏதாவது ஒண்ணுன்னா, இந்த மாமன் தன் லைசென்ஸுக்காக ஆசியை வித்துட்டான்னு நானே நெனைப்பேன். லைசென்ஸ் போனா போகட்டும்."

இருபது வருட வேலை, ஐம்பத்தெட்டு வயது, பேருந்தைத் தவிர வேறு உலகம் தெரியாது. எனக்காக அதைத் தூக்கி எறிகிறாராம். எனக்கு அப்படி ஓர் ஆசி தேவையா? "உங்க ஆசியும் வேணாம், கல்யாணமும் வேணாம்" என்று கத்தினேன். மரேட்டே முகம் செத்துப்போயிற்று. பாவம், அவன் அப்போதுதான் எனக்காகப் பூஜ்யம் ஊதியிருந்தான்.

மறுநாள் திங்கள்கிழமை, நீதிமன்றத்தில் மாமா வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டடம் மலைச் சாலையை ஒட்டியது; ஜன்னலுக்கு வெளியே லாரியும் பேருந்தும் ஏறும். உள்ளே அழைப்பதற்கு முன்னால் அவர் காதோடு கடைசியாக ஒன்று சொன்னேன். "எனக்குச் சொன்ன ஆசியை நான் தொட மாட்டேன் மாமா. வாய்ல எப்படி வந்துச்சுன்னு பேசவே மாட்டேன். கோர்ட்டுக்கு முன்னாடி புதுசா ஒரு தடவ தூவிக் காட்டுங்க, போதும்." அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நீதிபதி கெருபோ அம்மா. அவரைப் பார்த்தால் வழக்கறிஞர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். குமாஸ்தா குற்றச்சாட்டை வாசித்துவிட்டுக் கேட்டார்: "உண்மையா, உண்மை இல்லையா?"

மாமா வாயைத் திறந்தார், மூடினார். 'உண்மை' என்பதன் முதல் எழுத்து உதட்டில் வந்துவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது வெளியே அவருடைய பேருந்து ஏற்றத்தில் வந்தது. தற்காலிகமாகப் போட்ட புது டிரைவர். ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றினான் பாருங்கள், கர்ர்ர்ரக் என்று, கோர்ட்டில் இருந்த அத்தனை பேர் பல்லும் கூசியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

"கிளட்சைக் கொல்றானே பாவி!" என்றார் மாமா.

"என்ன?" என்றார் நீதிபதி.

"உண்மை இல்ல, மேடம்! உண்மையே இல்ல!"

மூன்று வாரம் கழித்து விசாரணை. சபையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பள்ளித் தலைமையாசிரியை முன்வரிசையில். நான் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், மரேட்டேயோடு நல்லபடியாகப் பேசாமல், சிமியுவை எப்படிக் கிழிப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிமியு சாட்சிக் கூண்டில் ஏறினார். தெளிவாகத்தான் பேசினார், அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். மது வாடை வந்தது, ஊதச் சொன்னேன், இரண்டு மடங்கு காட்டியது, பிடித்தேன். அரசு வக்கீல் கோஸ்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மனுஷன் பொய் சொல்லுவான், மேடம். மெஷின் பொய் சொல்லாது" என்று உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். "கார்ப்பரல், வண்டி தள்ளாடிச்சா?"

"இல்ல."

"தடுப்புல மோதுனாரா?"

"இல்ல. சிக்னல் போட்டு ஓரங்கட்டி நிறுத்தினாரு. எங்க ஊர்ல யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. அதுவே சந்தேகமா இருந்துச்சு."

கோர்ட்டு சிரித்தது. நீதிபதி சுத்தியலைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"நடந்தாரா? விழுந்தாரா?"

"நல்லா நடந்தாரு. எங்களுக்கு வறுத்த ஆட்டுக்கறி வேணுமான்னு கேட்டாரு."

"நிறுத்தினதுக்கும் ஊதச் சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"நேரமா? உடனே ஊதச் சொன்னேன். பின்னாடி வண்டி வரிசையா நிக்குது."

"வாய்ல ஏதாவது இருந்துதான்னு கேட்டீங்களா? கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவ ஊதச் சொன்னீங்களா?"

சிமியு தயங்கினார். "இல்ல."

நான் நீதிபதியின் பக்கம் திரும்பினேன். "மேடம், மெஷின் பொய் சொல்லாதுன்னு அரசு வக்கீல் சொல்றாரு. நானும் அதையேதான் சொல்றேன். அதே மெஷின் மேசை மேல இருக்கு. அதே ஆள் இங்க நிக்கிறாரு. எல்லார் முன்னாடியும் மூணு தடவ ஊதட்டும். இப்ப ஒண்ணு, வாய்ல மதுவை எடுத்துத் துப்பினதும் ஒண்ணு, கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணு."

கோஸ்கே துள்ளி எழுந்தார். "கோர்ட்டுக்குள்ள மதுவா! மேடம், இது நீதிமன்றமா, மதுக்கடையா?"

கெருபோ அம்மா பேனாவை மூடினார். அவர் முகத்தில் சின்னதாக ஏதோ எட்டிப் பார்த்தது. சனி ஞாயிறெல்லாம் வழக்குக்கட்டு படிக்கிறவருக்கும் எப்போதாவது ஒரு நல்ல நாள் வேண்டாமா? "மது எங்க இருக்கு?"

அம்மா பெஞ்சுக்கு அடியிலிருந்து டீ பிளாஸ்கை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீட்டில் காய்ச்சிய சரக்குக்கு அனுமதி கிடையாது, அதுவே தனிக் குற்றம். ஆனால் பாட்டில் பீரை வாயில் வைத்து ஆசி சொல்ல மாட்டேன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்.

"அதுல என்ன?" என்றார் நீதிபதி.

"டீ!" என்றாள் கரிமி சித்தி பின்வரிசையிலிருந்து. "தேன் போட்ட டீ!"

மூடியைத் திறந்ததும் தேன்கள்ளின் வாசனை முன்வரிசையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, நேராக நீதிபதியின் பீடத்துக்கே ஏறியது.

"எனக்கு ஒரு வாரமா ஜலதோஷம். மூக்கு சுத்தமா வேலை செய்யல" என்றார் கெருபோ அம்மா. "நடத்துங்க."

முதல் ஊதல், பூஜ்யம். சிமியுவே கருவியைப் பிடித்து, அவரே எண்ணை உரக்கப் படித்தார்.

மாமா கோப்பையைக் கையில் வாங்கினார். வாங்கினவர் அப்படியே நின்றார். "மேடம், ஒரு விஷயம். இதைச் சும்மா துப்ப முடியாது. தூவினா யாருக்காவது ஆசியாத்தான் தூவணும். எங்க வழக்கம் அது. வெறும் சோதனைக்குத் துப்பினா தப்பு."

"எனக்கு வேண்டாம்" என்றார் கோஸ்கே உடனே, புதுக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"எனக்கும் முடியாது. நான் தீர்ப்புச் சொல்லணும்" என்றார் நீதிபதி.

மாமா நிதானமாகச் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நேராகச் சாட்சிக் கூண்டுக்குப் போனார்.

"தம்பி, உனக்கு என்ன வேணும்?"

சிமியு விழித்தார். "எனக்கா? எனக்கு ஒண்ணும் வேணாம். நான் சாட்சி."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவனுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தூவ? ஏதாவது கேளு."

சிமியு நீதிபதியைப் பார்த்தார். அவர் 'பதில் சொல்லுங்கள்' என்று தலையசைத்தார். அந்த நெட்டை மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரி தரையைப் பார்த்தார். "ஊர்ப் பக்கம் மாற்றல். மூணு வருஷமா கேக்கறேன். பையன் பொறந்தப்போ பாத்தது. போன கிறிஸ்துமஸுக்குப் போனேன், என்னைப் பாத்து யாரோன்னு கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டான்."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கையிலிருந்த கேள்விக் காகிதத்தை மடித்தேன். இன்னும் பதினொரு கேள்வி மிச்சமிருந்தது, எல்லாம் குத்தலானவை. ஒன்றுகூட இப்போது கேட்க வாய் வராது.

மாமா எங்கள் மொழியில் வாக்குச் சொன்னார். கூட்டத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அவர் சொல்லச் சொல்ல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்தார். பிறகு மாமா வாய் நிறைய எடுத்து, சிமியுவின் சட்டைப் பித்தான்கள் மேல், 'ப்பூ!'

"ஆகட்டும்!" என்றது கோர்ட்டு. குமாஸ்தாவும் சொன்னார், அவரும் மேருக்காரர்தான். நீதிபதி அதட்டவில்லை.

"ஊதுங்க" என்றார் சிமியு, ஈரம் சொட்டச் சொட்ட, குரல் கரகரக்க. மாமா ஊதினார். சிமியு எண்ணைப் பார்த்தார். "அன்னைக்கு வந்ததைவிட ஜாஸ்தி, மேடம்."

கூட்டம் கொல்லென்று பொங்கியது. கோஸ்கே எழுந்து, "அவர் விழுங்கியிருக்கலாம்!" என்றார்.

"விழுங்கினாரா இல்லையான்னு கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும். எல்லாரும் உக்காருங்க" என்றார் கெருபோ அம்மா.

அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே! வயற்காட்டில் மழைக்கு நிற்பவனைக் கேளுங்கள், அவனுக்குத்தான் அது புரியும். அம்மா ஜபித்தாள். மரேட்டே என் பின்னால் வந்து நின்று, "என்கிட்ட வேலை செஞ்சது, இவர்கிட்டயும் செய்யும்" என்றான். நான் மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் கையைப் பிடித்தேன், நன்றாக இறுக்கி. எனக்குள் ஒரே பயம். கோர்ட்டுப் பதற்றத்தில் ஒரு மடக்கு உள்ளே போயிருந்தால்? இந்த மனிதருக்கு எச்சில் விழுங்கும் பழக்கம் உண்டு. ஒரு எண் கூட வந்தாலும் கோஸ்கே பிடித்துக்கொள்வார். பேருந்து போயிற்று, பேரும் போயிற்று. மாமாவோ கூண்டில் ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "ம்."

மாமா எழுந்தார். நெஞ்சை நிரப்பி ஊதினார். கருவி யோசித்தது. நான் கண்ணை மூடினேன்.

சிமியு படிக்கவில்லை. ஒரு நொடி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கண்ணைத் திறந்தேன். அவர் கருவியை நீதிபதிக்குத் திருப்பிக் காட்டினார். பிறகு கோஸ்கேவுக்குக் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, கூட்டத்துக்கும் காட்டினார்.

"பூஜ்யம்" என்றார். "நான் அன்னைக்கு இன்னொரு தடவ ஊதச் சொல்லியிருக்கணும், மேடம். அது என் தப்பு."

அப்படிச் சொல்ல அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. சட்டையிலிருந்து தேன்கள் சொட்டிக்கொண்டிருக்க, ஒரு போலீஸ்காரர் திறந்த கோர்ட்டில் தன் தப்பைத் தானே சொன்னார். அன்றைக்கு அங்கே நான் பார்த்ததிலேயே பெரியது அதுதான் என்பேன். கோஸ்கே காகிதங்களை அடுக்கிக்கொண்டார். தன் தரப்பில் இனி வாதம் இல்லை என்றார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, லைசென்ஸை இப்போதே திருப்பிக் கொடுங்கள் என்று நீதிபதி சொன்னதும் கரிமி சித்தியின் குலவை கூரைத் தகரத்தைத் தூக்கியது. தலைமையாசிரியை மாமாவின் கையைப் பிடித்து, "நாளைக்குக் காலையில வந்துடுங்க. அந்தப் பையன் ரெண்டாவது கியரை உடைச்சிட்டான்" என்றார். மாமாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே முற்றத்தில் சிமியு லைசென்ஸைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். நான் அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"மாமா" என்றார். முதல் தடவையாக அப்படி. "அது சோதனைக்காகச் செஞ்சதுதானே? நிஜமா ஒண்ணும் இல்லல்ல?"

"கள்ளுதான் தம்பி சோதனைக்கு. வாக்கு உனக்கு."

"உங்க பாஷையில சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல." ஈரச் சட்டையை அவர் துடைக்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

மாமா லைசென்ஸைப் பையில் வைத்தார். சிமியுவின் தோளில் கை வைத்து, அவருக்குப் புரியும் சுவாஹிலியில், மெதுவாகச் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போற ரோட்டுல உன்னை யாரும் நிறுத்தக் கூடாது. உன் நடையைத் தூரத்துல பாத்ததுமே உன் பையன் ஓடி வரணும்னு சொன்னேன்."